அப்பா கழற்றிய கைப்பிடி

என் அருமை அப்பாவுக்கு,

அங்கேயாவது நிம்மதியாக இருக்கிறீர்களா? இல்லை, அங்கேயும் யார் மேலாவது கண் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா?

விழிதியூர் வீட்டில் உங்கள் தோட்டா மெஷினை வெளியே எடுத்துவிட்டேன். சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூட்டில் மருந்தும் ஈயக் குண்டும் அடைத்து, வயலில் பன்றி விரட்ட நீங்களே தயார் செய்வீர்களே, அதுதான். நீங்கள் போனதும் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. இதையாவது துரு நீக்கி, உங்கள் தலைத் திவசத்துக்குள் முழுசாகக் கூடத்தில் வைக்க ஆசை.

துரு போனது. கைப்பிடியைக் காணோம். தோட்டாவின் வாயை மடித்து மூடும் பித்தளைக் குமிழையும் காணோம். லேத் பட்டறைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "உடையலங்க. யாரோ பக்குவமா கழட்டி எடுத்துருக்காங்க" என்றார்.

எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும்? உங்கள் செல்ல மகன், என் தம்பி சேகர்தான். அவன் வீட்டுக்குப் போய் டீ குடித்தேன். கண் மட்டும் அலமாரியைத் துழாவியது. அவனோ நான் எழுந்தால் எழுந்தான், உட்கார்ந்தால் உட்கார்ந்தான். "என்னண்ணே, எதையாச்சும் தேடுறீங்களா?" என்று வேறு கேட்டான். திருட்டுப் பயலுக்குத்தான் இந்தக் கேள்வி வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, புதிதாகவே செய்துகொள்ளலாம் என்று காரைக்கால்மேட்டுக்குப் போனேன். குண்டு வார்க்கப் பழைய வலை ஈயம் கொடுப்பாரே உங்கள் கூட்டாளி அஞ்சப்பன், அவருக்காவது குமிழின் அளவு தெரியாதா? வலை பின்னிக்கொண்டிருந்தவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சேகர் தம்பி வரலியா?"

"அவன் எதுக்கு?"

"சாமான் எங்கிட்டத்தான் இருக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கேட்டாத்தான் குடுக்கணும்னு உங்கப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. கடையில வாங்குற தோட்டாவுக்குக் கணக்கு இருக்காம், வீட்டுல அடைக்கிறதுக்கு இல்லியாம். உங்க வரப்புச் சண்டையப் பாத்து மனுசன் ரொம்ப பயந்துட்டாருங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது அப்பா. வரப்பில் கத்தினோம், மண்வெட்டியை ஓங்கினோம், எல்லாம் உண்மை. அதற்காக ஒருவன் கூடப்பிறந்தவனையே சுடுவான் என்றா நினைத்தீர்கள்? யாரை நினைத்துக் கழற்றினீர்கள்? அவனையா, என்னையா?

சேகருக்குப் போன் செய்து சொன்னேன். "உங்களத்தான் நெனச்சிருப்பாரு" என்றான். நானும் அதைத்தான் அவனிடம் சொல்ல வாயெடுத்தேன்.

நாளைக்கு இருவரும் ஒரே வண்டியில் மேட்டுக்குப் போகிறோம். திவசத்தன்று மெஷின் முழுசாக நிற்கும். மறுநாள் கைப்பிடி அவன் வீட்டுக்குப் போகும், குமிழ் என்னிடம் இருக்கும். எனக்கு அவன் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை, அவனுக்கும் அப்படித்தான். ஆனாலும் இனிமேல் உங்களைப் பயப்பட வைக்கமாட்டோம். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் சந்தேகப்பட்ட இரண்டு பிள்ளைகளில் மூத்தவன்