திருநீற்றுப் பொட்டலம்

ஆடி 12, இரவு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி.

இன்று காலை அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் திருநீறு பூசியதில்லை. அவரும் பூசச் சொன்னதில்லை.

உள்ளே போகுமுன், அடைப்பு எங்கே இருக்கிறது என்று டாக்டரைப் படம் வரைந்து காட்டச் சொல்லி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நானோ, விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் கோயிலிலிருந்து எடுத்துவந்த திருநீற்றுப் பொட்டலத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்றேன். பார்த்துவிட்டார்.

"என்ன டீச்சர் கையில?"

"ஒண்ணுமில்லீங்க. திருநீறு. உங்க நெத்தியில வச்சு விடவா?"

சிரித்தார். "உள்ள எனக்கு டாக்டர் இருக்காரு. வெளியில நீதான் தனியா உட்காந்திருக்கணும். நீ பூசிக்க."

பூசிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சாமி கும்பிட்டேனா என்று தெரியவில்லை. அவர் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நல்லபடியாக முடிந்தது. வெளியே கொண்டுவந்ததும் முதலில் என் நெற்றியைப் பார்த்தார். நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்பாரோ என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார்.