கடவுளுக்கு வக்காலத்து

செவ்வாய், இரவு

துக்கம் விசாரிக்க வந்த சேர்ச் ஜெயா அன்ரி போன பிறகும் கோபம் ஆறவில்லை. என் மகன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொல்கிறார்: "கடவுள் ஏதோ நோக்கத்தோடதான் பிள்ளையை எடுத்தவர்." ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புற்றுநோய் கொடுப்பதில் என்ன நோக்கம்?

என்னோடு வேலை செய்யும் மிரியமும் வந்திருந்தாள், கிளென் வேவர்லி ரயில் பிடித்து. யூதப் பெண். அவர்கள் வழக்கத்தில், துக்கப்படுபவர் பேசும்வரை பார்க்க வந்தவர்கள் வாய் திறப்பதில்லையாம். பேசாமல் குசினியில் பாத்திரம் கழுவினாள்.

அன்ரி போனதும் நானே கேட்டேன், உங்கள் வேதம் இதற்கு என்ன சொல்கிறது என்று. யோபுவின் கதையைச் சொன்னாள். பிள்ளைகளை இழந்த யோபு கடவுளிடமே நியாயம் கேட்டுக் கத்தினான். காரணமில்லாமல் கடவுள் தண்டிக்கமாட்டார் என்று நண்பர்கள் அவருக்கு வக்காலத்து வாங்கினார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது அந்த நண்பர்களைத்தான்.

சண்டே ஸ்கூலில் எனக்கு யோபுவின் பொறுமையை மட்டும்தான் படிப்பித்தார்கள்!

சற்றுமுன் அன்ரி போன் எடுத்தார். "ஞாயிறு சேர்ச்சுக்கு வாறீரோ பிள்ளை?"

"ஓம் அன்ரி, வாறன். கடவுளிட்ட எனக்குக் கேள்வி இருக்கு. அவருக்காக நீங்கள் பதில் சொல்லாதேங்கோ."