வாய்தாவுக்கு டி.வி.யில் வருகிறார்

ஆவணி 4, புதன்

காலையிலேயே புழுக்கம். ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு. ஆம்பூர் கோர்ட்டில் என் வீட்டுக்காரர் சேகருக்கு வாய்தா. இப்போதெல்லாம் வேலூர் ஜெயிலிலிருந்து கூட்டி வருவதில்லை. டி.வி.யில் காட்டுகிறார்கள். பெயர் கேட்டார்கள், அடுத்த தேதி சொன்னார்கள், முடிந்தது. தாடி விட்டிருக்கிறார். சுவரோரம் நின்று கையை ஆட்டினேன், சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பின்னால் வார்டர் நின்றால் எப்படிச் சிரிப்பார், பாவம்.

வாங்க: சோப்பு, து.பருப்பு, ஹேர்பின்.

ஆவணி 7, சனி

கம்பெனியில் கரண்ட் இல்லை. பக்கத்து மெஷின் நஸ்ரீன் கேட்டாள்: "இன்னாடி, ஜெயிலுக்குப் போய்ப் பாத்தியா?"

"எதுக்கு? அதான் கோர்ட்டு டி.வி.யில பாத்துக்கிறமே. வேலூர் போனா நாள் முழுக்க லீவு."

போன தையில்கூட நேரில்தான் கூட்டி வந்தார்கள். இரண்டு போலீஸ், பஸ்ஸில். இஸ்திரி போட்ட சட்டை கொண்டுபோவேன். குழாயடியில் முகம் கழுவி மாற்றிக்கொள்வார். மத்தியானம் புங்க மரத்தடியில் பிரியாணி, கத்திரிக்காய். மீசைக்கார ஏட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். "சீக்கிரம் பேசும்மா, எனக்கு இப்ப கண்ணு தெரியாது." சேகர் ஷூ ஒட்டும் பசை படிந்த என் கையை எடுத்து மோந்து, "சொல்யூஷன் நாத்தம் போகவே இல்லடி" என்பார். அதைக் கேட்கத்தான் போவேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாக இருந்தது அந்த வாய்தா நாட்களில்தான். இன்னொரு தடவை அப்படி உட்கார மாட்டோமா என்று ஏக்கமாக இருக்கிறது.

ஆவணி 17, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை. வக்கீல் போன். "நாளைக்குக் குற்றச்சாட்டு படிப்பாங்க. இல்லன்னு சொல்லணும், அவ்ளோதான். அப்புறம் விசாரணை நடக்கும்." கம்பெனி வாசல் சண்டையை விலக்கப் போனவர் இவர். மண்டையை உடைத்தவன் வேறு. ஒத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உள்ளேதான். மயில்கழுத்துக் கலர் புடவை எடுத்து வைத்தேன். அவருக்குப் பிடிக்கும். தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும்.

ஆவணி 18, புதன்

நீதிபதி அம்மா படித்துக் காட்டிக் கேட்டார்.

"ஒத்துக்கிறேங்கம்மா" என்றார் சேகர்.

வக்கீல் பதறி எழுந்தார். நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லீங்கம்மா. எனக்குன்னு யாரும் இல்ல. சம்சாரம்கூட வர்றத நிறுத்திட்டா. வெளிய வந்து இன்னா பண்ணப் போறேன்?"

எத்தனை வாய்தா! எல்லாவற்றுக்கும் வந்தேனே, கை ஆட்டினேனே! "இங்கதாங்க இருக்கேன்!" கத்திவிட்டேன். குமாஸ்தா அதட்டினார்.

"கேமரா என்னை மட்டும்தாம்மா காட்டும். நீ அவருக்குத் தெரிய மாட்டே" என்றார் நீதிபதி அம்மா.

அட கடவுளே. நான் பார்த்தால் அவரும் பார்ப்பார் என்று நினைத்தேனே, மடச்சி. அதை நம்பி ஜெயிலுக்கும் போகாமல் இருந்தேனே.

நீதிபதி அம்மா சொல்ல, குமாஸ்தா கேமராவை என் பக்கம் திருப்பினார். டி.வி.யில் அவர் முகம் கிட்டே வந்தது.

"லீவு போட்டுட்டு வந்தியா?"

தலையாட்டினேன்.

"சேகர், மறுபடி கேக்கறேன். குற்றத்தை ஒத்துக்கிறியா?"

"இல்லீங்கம்மா. நான் அடிக்கல. விலக்கத்தான் போனேன்." என்னைப் பார்த்தபடியே சொன்னார்.

அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாளைக்கும் லீவு சொல்லியாயிற்று. வேலூருக்கு முதல் பஸ்.