அரைக்காதியின் வயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் அத்தையும் நலம். அங்கே குளிர் அதிகம் என்றீர்களே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். இதைப் போனில் சொல்ல முடியவில்லை. நான் போனை எடுத்தாலே அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

மழை இல்லாமல் வைக்கோல் தீர்ந்துபோனது. வேலியோரச் சவுண்டல் மரங்கள் மட்டும்தான் பச்சையாக நின்றன. ஒரு மாதமாக அந்தத் தழையையே வெட்டிப் போட்டேன். பத்தொன்பது ஆடுகளுக்கும் ரோமம் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. தடவினால் கையோடு வந்தது. கழுத்து வீங்கியது. இரண்டு குட்டிகள் செத்தே பிறந்தன.

அப்போதுதான், ஒரு நடுப்பகலில், அரைக்காதி வந்து கேட்டருகே நின்றது. நாய் கடித்த அந்தக் காதைத் தைத்தவள் நான், எனக்குத் தெரியாதா? மூன்று வருடத்துக்கு முன் கிடாயிடம் விட்டு வருகிறேன் என்று உங்கள் அண்ணன் ஓட்டிப்போய், அவரும் திரும்பாமல் போனாரே, அதே ஆடு. ரோமம் எண்ணெய் தடவியது போல மின்னியது. குளம்பு அளவாகச் சீவியிருந்தது. மடியைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் யாரோ பால் கறந்திருந்தார்கள். அது யார் ஓட்டிப்போன ஆடு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை; வழி தவறி வந்தது என்றேன்.

அதுவும் சவுண்டலை வயிறு முட்டத் தின்றது. ஒன்றுமே ஆகவில்லை.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். "தழையில இருக்கிற விஷத்த ஆடு முறிக்கிறதில்லம்மா. அது வயித்துல இருக்கிற கிருமிதான் முறிக்குது. இதுக்கு இருக்கு, மத்ததுக்கு இல்ல" என்றார். அரைக்காதியின் தொண்டையில் குழாய் விட்டு வயிற்றுத் தண்ணீரை உறிஞ்சி, சூடு ஆறாமல் பிளாஸ்க்கில் பிடித்து, மற்ற எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கை கழுவும்போது, "இது ஒண்டியா அலைஞ்ச ஆடு இல்ல. இந்தத் தழையத் தின்னு பழகின மந்தையோட ரொம்ப நாள் இருந்திருக்கு. அங்கதான் இந்தக் கிருமி ஒட்டியிருக்கணும்" என்றார்.

இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றியது. ரோமம் துளிர்த்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவள்தான் நான்.

ஆனால் தினமும் மதியம் மூன்று மணிக்கு எல்லா ஆடுகளும் அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கல்குவாரிப் பக்கம் திரும்பி நின்றன. கொட்டகையில் ஒரு சத்தம் இருக்காது. அந்தக் கிருமிதான் காரணமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கிருமி வழியெல்லாம் காட்டாதும்மா, பெரியதப் பாத்து மத்தது பண்ணுது" என்று சிரித்தார். அரைக்காதியைத் தீவன அறையில் அடைத்தேன். மூன்று மணிக்கு மற்றவை திரும்பின. அறையைத் திறந்தால், அது அதே திசையில் சுவரில் மூக்கை வைத்து நின்றது. மறுநாள் டாக்டரம்மாவே வந்து பார்த்தார். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் அப்புறம் சிரிக்கவில்லை.

போன வியாழக்கிழமை கேட்டைத் திறந்துவிட்டு ஆடுகள் பின்னால் நடந்தேன். ஒன்றுகூட வழியில் நின்று மேயவில்லை. குவாரியைத் தாண்டினால் ஒரு பள்ளம். அடிவரை சவுண்டல். அதற்குள்ளே ஒரு தகரக் கூரை. ஆள் யாரும் கண்ணில் படவில்லை.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. நாக்கை இரண்டு தரம் சொடுக்கி, பிறகு நீளமாக ஒரு "பா". உங்கள் வீட்டில் அப்படி ஆடு கூப்பிடுகிறவர் ஒருவர்தான். அரைக்காதி ஓடியது, சரி. மற்ற பத்தொன்பதும் அவர் போன பிறகு பிறந்தவை தம்பி. அந்தக் குரலை ஒரு தரமும் கேட்டதில்லை. எல்லாம் ஒன்றாகக் கத்திக்கொண்டு இறங்கின.

நான் இறங்கவில்லை. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடியில் துணி காய்ந்தது. ஒரு சட்டை, ஒரு சேலை. இன்னும் ஏதோ சின்னதாக இருந்தது, அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஆடுகள் வரவில்லை. விற்றுவிட்டதாக அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். மகன் செத்துவிட்டான் என்றே அவர் மனதைத் தேற்றிக்கொண்டவர்.

லீவு கிடைத்தால் ஒரு தரம் வாருங்கள். பள்ளத்தில் நீங்கள் முதலில் இறங்குங்கள். அவரைக் கூப்பிட வேண்டாம், ஒன்றும் கேட்கவும் வேண்டாம். உயிரோடு இருப்பவரின் குரல்தானா அது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

எல்லோரும் அவரவர் இடத்தில் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி