பாட்டிமை அன்று போய்ப் பார்த்தோம்

இன்று காலை வங்கி வாசலில் யாரோ பினாயிலை வாளியோடு கொட்டிக் கழுவியிருந்தார்கள். படி ஏறும்போதே மூக்கில் ஏறியது. "நல்லா சுத்தமா வச்சிருக்காங்க" என்று ஒருவர் மெச்சிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு உன் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்துவிட்டது. "வாசல்ல மணக்குற எடத்துல உள்ள போயி மோந்து பாருடி" என்பாயே. வரிசையில் நின்றவர்கள் இந்தப் பொம்பளை ஏன் தனியாகச் சிரிக்கிறாள் என்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

சிநேகிதி, நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அழுது தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. நாம் ஜெயித்த கதையை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இடது பக்கம் வாதம் வந்து படுத்தபோது நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர், அவளுக்கு ஒரே மகள். வீட்டோடு வைத்த ஆட்கள் மூன்று பேர் ஓடிப்போன பிறகுதான் முதியோர் இல்லம் தேடினேன். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து சித்தி போனில் கேட்டார்: "பெத்தவளக் கொண்டுபோயித் தள்ளப்போறியாக்கும்?" அந்தச் சொல் முள்ளாகத் தைத்துக்கொண்டது. தள்ளவில்லை என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் நான் கோட்டை விட்டேன்.

ஆடி அமாவாசைக்குப் பள்ளி விடுமுறை என்பதால் அன்றைக்குப் போய் முதல் இல்லத்தைப் பார்த்தேன். ராமேஸ்வரத்திலும் தேவிபட்டினத்திலும் திதி கொடுத்தவர்கள் இல்லங்களுக்குச் சாப்பாடு போடுகிற நாள் அது. தலைவாழை இலை, வடை, பாயாசம். கிழவிகள் எல்லாம் வெளுத்த சேலையில் பவுடர் மணக்க உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு உன்னிடம் வந்து பெருமை அடித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் இருபது வருஷம் ஆயாவாக இருந்தவள் நீ. தலையில் அடித்துக்கொண்டாய். "அமாவாசைக்குப் போயிப் பாத்தா எல்லா ஹோமும் சொர்க்கந்தான். மறுநா பாட்டிமைக்குப் போகணும்டி. ஆகாத நாளுன்னு எவனும் வெளிய கெளம்ப மாட்டான். அன்னிக்கு உள்ள என்ன நடக்குதோ, அதுதான் நெசம்."

எனக்குச் சுருக்கென்றது. "ஒனக்கு எல்லாத்துலயும் நொட்டை" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அந்த வீம்பின் விலையை அம்மா கொடுத்தாள்.

போன் பண்ணிவிட்டுத்தான் வர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஞாயிறுதோறும் சொல்லிவிட்டுப் போனேன். துவைத்த சேலையில் அம்மாவை உட்கார வைத்திருப்பார்கள். ஆனால் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வாய் குழறினாலும் வீட்டில் என்னை விரட்டிக்கொண்டிருந்தவள், நாலாம் மாதம் வெறுமனே தலையாட்டினாள். உன்னிடம் வந்து அழுதேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று நீ சொல்லவில்லை. "நாளக் கழிச்சு பாட்டிமை. லீவு போடு" என்றாய்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் மறித்தார். "இன்னிக்குப் பார்வை நேரம் இல்லம்மா." நான் திரும்பிப் போகக்கூடப் பார்த்தேன். நீ குடையை மடக்கிக் கேட்டைத் தள்ளினாய். "பெத்த தாயப் பாக்க நேரம் என்னண்ணே நேரம்? தள்ளுங்க."

வராந்தாவோடு பினாயில் வாசம் நின்றுவிட்டது. நீ சமையல்கட்டைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டிய டி.வி.யைப் பார்க்கவில்லை. நேரே போய் அம்மாவின் முதுகுக்கு அடியில் கையை விட்டாய். விரிப்பெல்லாம் ஈரம். புரட்டிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்குப் புண். தண்ணீர் டம்ளர் அவளுக்கு விளங்காத இடது கைப் பக்கம் இருந்தது.

"கேட்டியா?" என்றாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அதத்தான் சொல்றேன். பதினாலு கட்டில் கெடக்கு, ஒரு கெழவி கூட ஆயாவத் திட்டல, வையல. வையாத கெழவிய வார்டுல நான் பாத்ததே இல்லடி. எல்லாம் பயந்து கெடக்குதுக."

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "இன்னிக்குப் பாட்டிமை, எடம் மாத்தக் கூடாது. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போவோம்" என்றேன். நீ என் கையைப் பிடித்து அந்த ஈர விரிப்பில் வைத்தாய். "புண்ணுக்கு நாள் பாக்கத் தெரியுமா? இப்பச் சொல்லு." நான்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தேன்.

அம்மாவோடு நேரே தேவிபட்டினம் சாலைக்குப் போனோம். நீ காட்டிய இல்லத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. கேட் திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு கிழவி ஆயாவை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். "உப்புப் போட்டியா இல்ல பேருக்குக் காட்டுனியா? ஒங்கப்பன் வீட்டுச் சோறா இது?" "ஒனக்கு பிரஷர் ஆத்தா. இன்னும் அரைக் கல்லு கூடக் கெடையாது, வாயத் தொற" என்று ஆயா சிரித்துக்கொண்டே ஊட்டினாள். நீ என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாய். "இங்கன விடுடி. வையத் தைரியம் இருக்குல்ல?"

அப்படியும் நீ விட்டாயா? மூன்று கட்டில்களில் முதுகுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாய். ஆயாவுக்குக் கோபம் வரவில்லை. "நல்லாப் பாருங்கக்கா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொரட்டிருவோம்" என்றாள்.

புண் ஆறப் பங்குனி ஆயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்து நீயே பார்த்தாய். கடைசியில் ஒருநாள் அம்மா தட்டைத் தள்ளிவிட்டுக் குழறிக் கத்தினாள்: "கஞ்சியா இது? கழனித்தண்ணி!" நீ வராந்தாவில் கைதட்டிக் குதித்தாய். ஐம்பத்தெட்டு வயதில் குதிக்கிற குதியா அது?

அவளுக்கு இவ்வளவும் செய்துவிட்டு நீ காலையில் மார்வலி என்றாய், மதியத்துக்குள் போய்விட்டாய். உனக்கு ஒரு கட்டில் தேடித் தர, உன் முதுகில் ஒருநாள் கை வைத்துப் பார்க்க, எனக்கு நீ இடமே கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

போன வாரம் சித்தி பேரன் கல்யாணம். அம்மாவை வண்டி வைத்து ஆர்.எஸ்.மங்கலம் கூட்டிப்போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து பந்தியில் ஒரு பிடி பிடித்தாள். சித்தி நாலு பேர் கேட்கும்படி ஆரம்பித்தார்: "இங்கனயே இருந்துரு, அக்கா. ஒன்னய அங்க கொண்டுபோயித் தள்ளி வச்சிருக்கா ஒம் மக." பழைய முள் அசைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வலது கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"எம் மவளச் சொல்லாத" என்றாள். மண்டபமே திரும்பிப் பார்க்கிற குரல் அது. பிறகு என் பக்கம் திரும்பி, "வண்டியச் சொல்லுடி, பொழுது சாயுது. அங்கன என்னயக் காணமேன்னு தேடுவாக" என்றாள்.

நான் எழுந்து போய் வண்டியைச் சொன்னேன். காணோம் என்று தேட ஆள் இருக்கிற இடத்தில் என் அம்மா இருக்கிறாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இப்போது தலை நிமிர்ந்து நடக்கிறேன். அதில் பாதி உன்னுடையதடி.