முதுகில் தைத்த மாதா

மைனி,

நேற்று கரியாஹாட் கடையில் ஜரிகை நூல்கண்டை மூக்கில் வைத்து மோந்துகொண்டு நின்றேன். சுற்றிலும் ஆட்கள். "என்ன தீதி, மிட்டாயா அது?" என்று வங்காளிக் கடைக்காரர் கேட்ட பிறகுதான் கீழே வைத்தேன். நாப்தலின் உருண்டை வாசம். பெஹாலாவில் உங்கள் வீட்டு முன்னறையே மூக்குக்குள் வந்துவிட்டது.

நம் கோயில் பங்குச் சாமியார் அந்தப் போட்டோவைக் கொண்டுவந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? சீமையில் பல நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட பூசை அங்கி. முதுகு நிறையச் சிலுவை, அதில் வடியும் இரத்தத்தைக் கிண்ணத்தில் ஏந்தும் சிறகு வைத்த சம்மனசுகள், கீழே மாதா, சாவியோடு ஒருவர். அதேபோல் ஈஸ்டருக்கு வெள்ளைப் பட்டில் வேண்டும் என்றார்.

"சாவிக்காரர் யாரு மைனி, வீட்டு ஓனரா?"

"இராயப்பருட்டி. மோட்சத்துச் சாவி. எழுத்து தெரியாத சனத்துக்குத்தான் படம். ஒனக்குன்னே தச்சிருக்கான்."

மூன்றாம் வகுப்போடு நின்றவளை இப்படியா சொல்வது!

பகலெல்லாம் ஊரார் ஜாக்கெட். அண்ணன் ஹவுரா ஷிப்டுக்குப் போனதும் அங்கி. ஜரிகையைப் பட்டின்மேல் படுக்கவைத்து மெல்லிய நூலால் கட்டிக் கட்டிக் கழுத்து ஒடிந்தது. மாதாவின் முகத்தை மட்டும் என்னைத் தொடவிடவில்லை. பிரித்துப் பிரித்துத் தைத்தீர்கள். நோய் அப்போதே உங்களுக்குள் இருந்திருக்கிறது. களைப்பு என்று டீ குடித்தோம்.

"அந்தக் காலத்துச் சாமியாரு சனத்துக்கு முதுகக் காட்டித்தான் பூசை வைப்பாரு. அதான் படம் முதுகுல."

"இப்ப நம்மளப் பாத்துல்லா நிக்காரு! மாதா சுவரப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

நீங்கள் சிரிக்கவில்லை. "ஒரு தரமாவது சனம் பாக்கணும்ட்டி" என்றீர்கள்.

முடித்த அன்று ஓர் ஊசி குறைந்தது. பாயை உதறித் தேடினேன். "எங்க போயிரும், விடு" என்று படுத்துவிட்டீர்கள்.

ஈஸ்டருக்கு முன்பே போய்விட்டீர்கள். அடக்கப் பூசைக்குச் சாமியார் அந்த அங்கியைத்தான் போட்டார். பக்கவாட்டுக் கதவு வழியாகப் பீடத்துக்கு வந்து எங்களைப் பார்த்து நின்றார். மாதா சுவரைப் பார்த்தாள். தூணோரம் நகர்ந்து எட்டிப் பார்த்தேன். ஜரிகை ஓரம்தான் தெரிந்தது.

ஜெபத்துக்குக் கைகளை விரித்தவர் "ஆ!" என்றார். தோளைப் பிடித்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். பூசைக்கு உதவுகிறவர் ஓடிவந்து அங்கியின் உள்துணியைத் துழாவினார். குத்தியது சீக்கிரம் கிடைக்கவில்லை. அவ்வளவு நேரமும் கோயில் நிறைந்த சனம் மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காணாமல்போன அந்த ஊசியை என்னிடம் கொடுத்தார்கள். இப்போதும் அதில்தான் தைக்கிறேன். நுனி லேசாக வளைந்திருக்கிறது.