கம்பவுண்டர் சாகவில்லை

என் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் கண்ணும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அம்மா பக்கத்தில் நின்று வார்த்தைக்கு வார்த்தை திருத்துவாள், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

விழித்திரை ஆபரேஷன் முடிந்ததும் அம்மா குப்புறப் படுத்தே இருக்க வேண்டும், டிவி கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். கண்ணைவிட அவளுக்குப் பெரிய கவலை அந்த ஆஸ்பத்திரி சீரியல்தான். அதில் வருகிற கம்பவுண்டர் என்றால் அவளுக்கு உயிர், அந்தச் சீரியலில் கத்தாமல் பேசுகிற ஒரே ஆள் அவர்தான் என்பாள். "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க, ஒண்ணையும் விட்டுடாதீங்க" என்று எனக்கு உத்தரவு. லிஃப்ட் மெக்கானிக்காக இத்தனை வருஷம் நான் அதிகம் பேசியதே உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, இதோ தொறந்துடறேன்" என்பதுதான். இருந்தாலும் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையணையில் புதைந்திருக்கும் முகத்துக்குக் கதை சொல்லி வந்தேன். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஒரு நாள் சீரியல் எடுக்கிற பாவிகள் கம்பவுண்டரை லாரி மோதவிட்டுக் கொன்றுவிட்டார்கள், நடித்தவருக்கும் அவர்களுக்கும் ஏதோ தகராறாம். நான் உள்ளே போனதும் "கம்பவுண்டர் வந்தாரா?" என்று கேட்டாள். அழுதால் கண் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். "வந்தாரு, டீ குடிச்சாரு, போனாரு" என்று சொல்லிவிட்டேன்.

டீ கொடுத்தே எத்தனை நாள் ஓட்டுவது? கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம் புலம்பினேன். அவள் சிரித்துவிட்டு, "அண்ணா, அவரு செத்தது டிவியிலதான், இங்க நல்லாத்தான் இருக்காரு" என்று போனை நீட்டினாள். அந்தச் சீரியல் பைத்தியங்கள் எல்லாம் சேர்ந்து தாங்களே கதை எழுதிப் போடுகிற இடம் அது, ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயராம், உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்றில் கம்பவுண்டர் விமானம் ஓட்டுகிறார், ஒன்றில் அரசகுமாரன், ஒன்றில் லாரி வருகிற அன்று அவருக்குக் காய்ச்சல், வீட்டைவிட்டே வெளியே வரவில்லை. சில கதைகளுக்கு மேலே 'அழுகை வரும்' என்று எச்சரிக்கை வேறு. காதல் கதைகளும் உண்டு, இரண்டைப் படித்துவிட்டு இதை உன் அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று மூடிவிட்டேன். காய்ச்சல் கதையை எழுதியது 'அரைத்தூக்கம்' என்ற புனைபெயரில் ஒரு பெண். இதை என் மனைவிக்குச் சொல்லலாமா என்று அவளுக்கு எழுதிக் கேட்டேன். "தாராளமா சொல்லுங்கப்பா, நானும் சீரியல்ல இருந்து எடுத்ததுதானே" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் முகம் தெரியாத யார் யாரோ, "அம்மாவுக்கு இன்னிக்கு இதைச் சொல்லுங்க" என்று புதுசு புதுசாக எழுதி அனுப்பினார்கள். ஆள் தெரியாத இடத்தில் இவ்வளவு பாசம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு நாள் யாரும் எழுதவில்லை, நானே எழுதினேன். கம்பவுண்டர் ஒரு கர்ப்பிணியோடு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார், கதவு திறக்கும்வரை அவளோடு பேசிக்கொண்டே இருக்கிறார். அதற்கு வந்த முதல் கருத்து, "அப்பா, கதை பிரமாதம், ஆனா லிஃப்ட் ரிப்பேர் கொஞ்சம் ஜாஸ்தி."

டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே குட்டு உடைந்தது. முதல் காட்சியிலேயே சுவரில் கம்பவுண்டரின் படம், அதன் முன்னால் எல்லாரும் அழுகிறார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து சமையலறைக்குப் போனவள் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை, பாத்திரங்கள்தான் பேசின. கோபம் பொய்க்காகவா, கம்பவுண்டர் போனதற்காகவா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, எதற்கென்று மன்னிப்புக் கேட்பது? மூன்றாம் நாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், "அந்த லிஃப்ட் கதைய எழுதுனது யாரு?" நான்தான் என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். "கம்பவுண்டர அவ்வளவு பேச வைக்கத் தெரியுதுல்ல, நீங்க வீட்ல பேசுனா என்ன? படுத்துக் கெடந்தப்போ வலி எப்ப போகும்ங்கறதவிட உங்க குரல் எப்ப வரும்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். அவள் கீழே வைத்த கத்தியை எடுத்து மீதிக் காயை நான் நறுக்கினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கண்ணிலும் விழித்திரை பலவீனமாக இருக்கிறது, தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை குப்புறப் படுக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதமாக இருந்தாள், நீ கவலைப்படுவாய் என்று உன்னிடம் மறைத்தோம். நேற்று அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாள் கேட்டுவிட்டாள். நிபந்தனை ஒன்றே ஒன்று, தினமும் கதை வேண்டும், சீரியல் என்று பொய் சொல்லாமல் நாங்களே எழுதிய கதை என்றே சொல்ல வேண்டும்.

அதில் ஒரு பகுதி நீ எழுத வேண்டுமாம். கம்பவுண்டர் நீ இருக்கும் ஊருக்கு வரட்டும் என்கிறாள். உன் தெருவில் நடக்கட்டும், நீ சாமான் வாங்கும் கடைக்குப் போகட்டும், சாயங்காலம் நீ வீட்டுக்கு வரும்போது யார் கதவைத் திறக்கிறார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று அவர் பார்த்து வந்து சொல்லட்டும். கேட்டால் நீ 'நல்லா இருக்கேன்' என்று போனை வைத்துவிடுகிறாய். கம்பவுண்டர் என்றால் நின்று நிதானமாகச் சொல்வார் என்று அவளுக்கு நம்பிக்கை, எனக்கும்தான்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி சீக்கிரம் படு. எங்கள் ஆசி எப்போதும் உன்னைச் சுற்றியே இருக்கும். கதையை மறந்துவிடாதே, அவள் காத்திருப்பாள்.

உன் பிரியமுள்ள
அப்பா